அண்ணாதுரை பிடித்துக் கொடுத்த புகை

நகரியில் சடகோபனின் சாயப்பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக பாய்லர் மூட்டிக்கொண்டிருந்தவர் அண்ணாதுரை. விடியும் முன்பே வந்து அடுப்பு வாயைத் திறந்து, முந்தின நாள் சாம்பலை வழித்தெடுத்து, தீ போடுவார். மற்றவர்கள் வந்து லுங்கியை மடித்துக் கட்டும்போது தொட்டிகளுக்கு நீராவி தயாராக இருக்கும். அவர் லீவு போட்ட நாளில் சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது என்று தொட்டி வேலை பார்க்கும் சலீம் ஒருமுறை முதலாளியிடம் சொன்னான். அதைக் கேட்ட அண்ணாதுரை அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டில் ருக்மணியிடம் மட்டும் மூன்று தடவை சொன்னார்.

வீடு பட்டறைக்குப் பின் சந்தில் இருந்தது. ருக்மணி வீட்டிலேயே விசைத்தறிக்காரர்களுக்குத் தார் சுற்றி, அதாவது ஊடை நூலைக் குச்சியில் ஏற்றிக் கொடுப்பாள். முன்னறையில் மெஷின், அதைச் சுற்றி நூல் கண்டுகள். ஒரே மகள் தேவசேனா ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கேயே நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

முன்பெல்லாம் பாய்லருக்கு வேலிக்காத்தான் கட்டையும் சவுக்கும்தான். கட்டை விலை ஏறியபிறகு, செருப்புக் கம்பெனிகளின் கழிவு லாரியில் வர ஆரம்பித்தது. ரெக்சின் துண்டுகள், சோல் வெட்டிய ரப்பர், பஞ்சு மாதிரி ஃபோம். நன்றாக எரியும், சூடு சீக்கிரம் ஏறும். புகை மட்டும் கறுப்பாக, கனமாக, மேலே போகாமல் சந்துக்குள்ளேயே இறங்கும். ருக்மணி வெள்ளை நூல் சுற்றும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அப்படியும் நூலில் சாம்பல் நிறம் ஏறிவிடும். தறிக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

அவளுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் வந்தது. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே வந்தது. புத்தூரில் ஒரு டாக்டர் பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு டானிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டு அவள் வேலை பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரித்திகா வந்தாள். திருத்தணிப் பெண். ஏர்பேடு பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். சந்து முனையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, அதில் மேசையளவு மெஷின் ஒன்றை இறக்கினாள். வீடு வீடாகப் போய், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்க யாராவது சம்மதிப்பார்களா என்று கேட்டாள். பெட்டி காற்றை இழுக்கும். காலரில் குத்திய குழாய் வழியாக அது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டிக்குள் இறங்கும். புட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் தூசி கரையும். அவ்வளவுதான். ஆனாலும் சந்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கவர்ன்மென்ட் ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

ருக்மணி கதவைச் சாத்தவில்லை. வெயிலில் வந்த பெண்ணுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னாள்.

"இன்னாம்மா பாக்கறீங்க அதுல? தூசி எவ்ளோ கீதுன்னா?"

"தூசி எவ்ளோன்னு பாக்கறவங்க வேற இருக்காங்கக்கா. நான் பாக்கறது அந்தத் தூசிக்கு எவ்ளோ வீரியம்னு. இரும்ப துரு அரிக்குது இல்ல? அந்த மாதிரி நெஞ்சுக்குள்ள போய் அரிக்கிற பொருளு சிலது தூசியில ஒட்டிக்கினு வரும். அது புட்டித் தண்ணியில கலந்தா பச்சையா மினுக்கும். எவ்ளோ மினுக்குதுன்னு மெஷின் சொல்லும்."

"அதுக்கு இன்னாத்துக்கு இங்க ரூம் எடுத்து உக்காரணும்? உங்க காலேஜுக்கு எடுத்துக்கினு போயி பாக்கறது."

"அது நிக்காதுக்கா. கொஞ்ச நேரத்துலயே செத்துடும். ஏர்பேடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதிக்கு மேல காணாம போயிடும். பிடிச்ச கையோட பாக்கணும்."

ருக்மணி பெட்டியை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

வாரத்தில் நாலு நாள் அதைக் கட்டிக்கொண்டு தார் சுற்றினாள். பிரித்திகா அவ்வப்போது வந்து புட்டியை மாற்றி, மாடிக்கு ஓடுவாள். ஒரு மாதம் போனபின் ருக்மணி, பெட்டி கட்டும் நாட்களில் தனக்கு மூச்சு லேசாக இருப்பதாகச் சொன்னாள். பிரித்திகா பதறிவிட்டாள். "அக்கா, இது மருந்து இல்ல. இது காத்த சுத்தம் பண்ணாது. சும்மா பாக்கும், அவ்ளோதான். நீங்க டாக்டரப் பாக்கணும்."

"தெரியும்மா. ஆனா இத்தினி வருசமா நான் இருமுறத யாரும் கேக்கல. இது கேக்குது."

அண்ணாதுரைக்கு இந்தப் பெட்டி விஷயத்தில் பெரிய அக்கறை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அது 'ஙொய்' என்று ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னா, பேட்டரி போட்டுக்கினு கீறே?" என்பார். அவர் பட்டறையில் வேலை பார்க்கிறார் என்பது பிரித்திகாவுக்குத் தெரியும். எல்லோரையும் போலத் தொட்டி வேலை என்று நினைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து ருக்மணியிடம் காட்டினாள். திரையில் கோடு ஒன்று சில நாட்களில் தரையோடு கிடந்தது. சில நாட்களில் மலை மாதிரி எழும்பியது.

"இந்த நாளெல்லாம் பாருங்கக்கா. ரெண்டு மடங்கு மூணு மடங்கு இல்ல, அதுக்கும் மேல. பக்கத்துப் பட்டறையில அன்னிக்கு என்னமோ வேற எரிக்கிறாங்க. கட்டை எரிச்சா இப்படி வராது."

ருக்மணி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். லாரி வந்து இறங்கும் நாட்கள் அவளுக்கு மனப்பாடம். அந்த நாட்களில் புருஷனின் சட்டையில் இருந்து வரும் வாசனையும் தெரியும். அவள்தானே துவைக்கிறாள்.

"அம்மா, இத்த எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதே."

"ஏன்க்கா?"

"அடுப்பு மூட்டறதே அவருதான்."

பிரித்திகா லேப்டாப்பை மூடினாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினாள்.

அதன்பிறகு ஆறேழு மாதம் ருக்மணி அதை மனதிலேயே வைத்திருந்தாள். லாரி வந்த நாட்களில், "தேவசேனாவைப் பாத்துட்டு வரேன்" என்று ஸ்ரீசிட்டி வழியாகப் போகும் சூலூர்பேட்டை பஸ் ஏறிப் போய்விடுவாள். முடியாத நாட்களில் ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிடுவாள். பட்டறையிலிருந்து வரும் அண்ணாதுரைக்குச் சுடுதண்ணி வைத்து, முதலில் குளித்துவிட்டு வரச் சொல்வாள். அவர் அதை வழக்கமான பாசம் என்றே எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவள் மூச்சு நின்று நின்று வந்தது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் தெலுங்கில் கேட்டார்: "இன்ட்லோ ஏமி காலுஸ்தாரு? கட்டெல பொய்யியா?"

"லேது சார், கேஸ்" என்றாள் ருக்மணி.

"மீ வாரு சிகரெட்?"

"லேது சார்."

"மரி ஈ பொக எக்கட நுஞ்சி?"

ருக்மணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் கேட்டது வீட்டிலே எதை எரிக்கிறீர்கள், விறகடுப்பா, புருஷன் சிகரெட் பிடிப்பாரா, இந்தப் புகை எங்கிருந்து வந்தது என்றுதான். கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த அண்ணாதுரை, அவள் முகம் திருப்பியதைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள். தெரியாததற்கு அவள் முகம் திருப்பமாட்டாள். தெரிந்ததைச் சொல்ல முடியாதபோதுதான் திருப்புவாள்.

மறுநாள் பிரித்திகா பார்க்க வந்தாள். அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், நேரே கேட்டார்.

"எங்க அடுப்புதானா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா. நான் மூட்டறதுதானா?"

"அது மட்டும்தான்னு யாராலயும் சொல்ல முடியாதுண்ணா. டாக்டர் கூட எழுதித் தர மாட்டாரு. ஆனா செருப்புக் கழிவு எரியற அன்னிக்கு அக்கா புட்டியில வர்றது ரொம்ப ரொம்ப அதிகம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"ஆறேழு மாசமா தெரியும்."

அண்ணாதுரை உள்ளே போய் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிச்சிலிப் பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். அவள் இரண்டு சுளை சாப்பிட்டாள்.

நகரிக்குத் திரும்பியதும் சடகோபனிடம் போனார். இனிமேல் கட்டை மட்டும்தான் போடுவேன் என்றார். சடகோபன் கெட்ட மனிதர் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் காரையே அனுப்பியவர்.

"அண்ணாதொரை, நீ சொல்றது புரியுது. ஆனா பக்கத்துத் தெருவுல மூணு பட்டறை கீது. அவனெல்லாம் இத்தத்தான் எரிக்கிறான். நான் ஒருத்தன் கட்டையில ஓட்டினா எவன் எனக்கு நூல் குடுப்பான்? இங்க முப்பது பேர் துன்றாங்க."

"அப்போ நான் மூட்டல மொதலாளி."

"ரெண்டு நாள் வூட்ல இரு. யோசி."

யோசிக்க அவருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஏகாம்பரகுப்பத்திலிருந்து கங்கையா என்ற ஆள் வந்து அடுப்பு மூட்டினார். அதே லாரி வந்தது, அதே புகை சந்துக்குள் இறங்கியது. அண்ணாதுரை முதல்முறையாக அந்தப் புகையை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தார். ருக்மணி தினமும் பார்த்த இடத்தில் உட்கார்ந்து, அவளுடைய தார் மெஷின்மேல் கறுப்புத் துகள் படிவதைப் பார்த்தார்.

ருக்மணி வீடு திரும்பவில்லை. தை மாதம் பிறந்து சில நாட்களில், அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தேவசேனா கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் கேட்டாள்:

"பிரித்திகா அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியவே தெரியாதா நைனா? அந்தப் பொகையில நிக்கறவனுக்கு மூக்கு இல்லையா?"

"நாத்தம் தெரியும்மா. வெறும் நாத்தம்தான்னு நெனச்சேன்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு மாதக்கணக்கில் போன் எடுக்கவில்லை.

புகையை அளந்து பார்க்கச் சொல்லி அண்ணாதுரை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மனுக் கொடுத்தார். ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். வருவது இரண்டு நாள் முன்பே பட்டறைக்குத் தெரிந்துவிட்டது. செருப்புக் கழிவைத் தார்ப்பாய் போட்டு மூடி, சவுக்குக் கட்டையை அடுக்கி வைத்தார்கள். வந்தவர்கள் சந்தில் ஒரு கருவியை நிறுத்தி, ஒரு நாள் பூராவும் தூசியை ஒரு தாளில் பிடித்து, உறையில் போட்டு எடுத்துப்போனார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது: வரம்புக்குள்தான் இருக்கிறது.

தாளைத் தூக்கிக்கொண்டு அண்ணாதுரை மாடி அறைக்குப் போனார். "பொய் எழுதிக் குடுத்துட்டானுங்க" என்றார்.

"பொய் இல்லண்ணா" என்றாள் பிரித்திகா. "அவங்க பாக்கறது எடை. அன்னிக்கு எரிச்சதும் கட்டை. எடை கம்மியாத்தான் இருந்திருக்கும். நான் சொல்ற வீரியத்த அவங்க பாக்கவே இல்ல. பாத்திருந்தாலும் கிடைச்சிருக்காது. இங்க வாங்க."

அவள் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். இரண்டிலும் ஒரே நாள் புகை. ஒன்றை அப்போதே புட்டித் தண்ணீரில் பிடித்துப் பார்த்தாள்; திரையில் கோடு மேலே போயிருந்தது. மற்றது தாளில் பிடித்து ஒரு வாரம் உறையில் வைத்தது. அதைக் கழுவி மெஷினில் வைத்தபோது கோடு கொஞ்சமாக எழும்பி, படுத்துக்கொண்டது.

அண்ணாதுரை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ அடுப்புகிட்டயே பிடிச்சா?"

"உள்ள யாரு விடுவாங்க?"

"நான் போறேன்."

அவள் முதலில் முடியவே முடியாது என்றாள். தெரிந்தே ஒருவரை அந்தப் புகைக்குள் அனுப்பத் தன் படிப்பில் அனுமதி கிடையாது என்றாள். அவர் சொன்னார்: "நீ அனுப்பல. நான் வேலைக்குப் போறேன். என் வேல அது. போற எடத்துல உன் பொட்டிய கட்டிக்கினு போறேன்." அவள் தன் பேராசிரியரிடம் பேசினாள். அங்கே ஒரு குழு கூடி, பட்டறைத் தொழிலாளிகளும் விருப்பப்பட்டால் சேரலாம், வடிகட்டும் முகமூடி கட்டாயம் போட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லியது. அதற்குள் பங்குனி வந்துவிட்டது.

சடகோபன் வீட்டு வாசலில் போய் நின்று, தப்பு செய்துவிட்டேன், மறுபடி வேலை கொடுங்கள் என்று கேட்டது அண்ணாதுரைக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. கங்கையா தீ வைக்கத் தெரியாமல் இரண்டு தொட்டி நூலைக் கெடுத்திருந்தார். சடகோபன் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார். தோளைத் தட்டி, "போனவ போயிட்டா. நீ இருக்கணும் இல்ல" என்றார்.

லாரி வந்த மறுநாள் அண்ணாதுரை சட்டைக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். பாய்லர் இரைச்சலில் அதன் சத்தம் கேட்கவில்லை. முகமூடி போட்டிருந்ததைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்தார்கள். ரெக்சினை அள்ளிப் போட்டார். நீலமும் பச்சையுமாக நாக்கு நீட்டி எரிந்தது. முன்பு அதைப் பார்க்கும்போது சூடு எவ்வளவு ஏறும் என்று மட்டும்தான் யோசித்திருக்கிறார். இன்று ஒவ்வொரு அள்ளுக்கும் ருக்மணியின் முன்னறை ஞாபகம் வந்தது. அப்படியும் அள்ளிப் போட்டார். நிறுத்தினால் புட்டியில் ஒன்றும் சேராது.

டீக்கு விட்டதும் வெளியே வந்து, டீக்கடைக்குப் போகாமல் மாடிப்படி ஏறினார். பிரித்திகா வாசலிலேயே நின்றாள். புட்டியைக் கையில் வாங்கி, மூடி திறந்து, குழாயில் ஏற்றினாள். கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போய்த் திரையின் மேல் விளிம்பில் முட்டி நின்றது. அவள் தண்ணீர் சேர்த்துக் கலக்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவைதான் மெஷினால் படிக்க முடிந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ருக்குவுக்கு வந்தத விட ஜாஸ்தியா?"

"பல மடங்கு."

"அப்போ எனக்கு இன்னும் ஒண்ணும் ஆவலயே?"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணா. சில பேருக்கு லேட்டா ஆகும். நீங்க ஒரு டெஸ்ட் எடுத்துக்கணும்."

"இது முடியட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்று வாரம் அப்படி நடந்தது. ஒருநாள் சலீம் அவர் மாடி ஏறுவதைப் பார்த்துவிட்டான். இடுப்பு புடைத்திருப்பதையும் கவனித்தான். "இன்னாணா அது?" என்றான். அண்ணாதுரை அவனிடம் மறைக்கவில்லை.

"மூடிட்டா எங்க போவேன்ணா? என் பொண்ணு சபீனா இப்பத்தான் காலேஜ் சேர்ந்துக்கீறா."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா பண்றே?"

அண்ணாதுரை புட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஆனால் சலீம் முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை.

சித்தூரில் ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், பிரித்திகாவும் அவரும் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். பிரித்திகா கொண்டுவந்த தாள்களைப் புரட்டிப் பார்த்து, "தீனிக்கி லிமிட் எந்த?" என்று கேட்டார். இதற்குச் சட்டத்தில் வரம்பு எவ்வளவு என்று.

"லிமிட் இன்னும் யாரும் வைக்கல மேடம்" என்றாள் பிரித்திகா, தாழ்ந்த குரலில்.

"லிமிட் இல்லன்னா மீறிட்டாங்கன்னு நான் எப்படிம்மா எழுதறது?" அதிகாரியும் சித்தூர்க்காரர், தமிழும் வந்தது. தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். அதில் நக்கல் எதுவும் இல்லை. நிஜமாகவே அவருக்கு வழி தெரியவில்லை.

மூன்று வாரம் அவர் நெஞ்சுக்குள்ளும் புட்டிக்குள்ளும் சேர்ந்தது எல்லாம் அந்த மேசைமேல் ஒன்றுமில்லாமல் போனதை அண்ணாதுரை பார்த்தார். எழுந்திருக்கப் போன பிரித்திகாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மேடம், இன்னா எரிக்கணும், இன்னா எரிக்கக் கூடாதுன்னு சட்டத்துல கீதா?"

"அது இருக்கு. செருப்புக் கழிவு, ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் பாய்லர்ல போடக் கூடாது. ஆனா எங்க ஆளுங்க போனப்ப கட்டைதானே எரிஞ்சது?"

"அன்னிக்குக் கட்டை. மத்த நாளெல்லாம் கழிவு. லாரி எப்போ வருது, எங்க கொட்டறாங்க, எல்லாம் சொல்றேன்."

"நீ எப்படிச் சொல்றே? யாரு நீ?"

"எரிக்கறதே நான்தான் மேடம். அஞ்சு வருசமா என் கையாலதான் எரிச்சேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். இதில் கையெழுத்துப் போட்டால் உன் பெயரும் வரும், உன் மீதும் கேள்வி வரலாம் என்று எச்சரித்தார். அண்ணாதுரை தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே, சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். லாரி நின்றுகொண்டிருந்தது, பாதிச் சுமை இறங்கியிருந்தது. பாய்லருக்குச் சீல் வைத்தார்கள். சடகோபன் கத்தவில்லை. அண்ணாதுரையைப் பார்த்து, "உன் வூட்டுக்காரிக்கு நான் கார் அனுப்புனேன்டா" என்று மட்டும் சொன்னார். அண்ணாதுரை தலையைக் குனிந்துகொண்டார். அது உண்மைதான்.

பட்டறை ஏழெட்டு மாதம் மூடிக் கிடந்தது. முப்பது வீட்டிலும் கஷ்டம். நூல் அலசும் ஜெயம்மா, அவர் தெருவில் போகும்போது வாசலில் சாணித் தண்ணீரை அவர் கால்மேல் படும்படி வீசினாள். சலீம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் சந்திரகிரியில் ஒரு பர்னிச்சர் கடையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தான். அண்ணாதுரைக்கு டீக்கடையில் டீ கொடுத்தார்கள். ஆனால் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த பட்டறைகள் கொஞ்ச நாள் பயந்து கட்டையில் ஓடின. பிறகு லாரி விடியற்காலையில் வர ஆரம்பித்தது.

சடகோபன் மறுபடி திறந்தபோது உமியில் ஓடும் பாய்லர் வாங்கியிருந்தார். புகைபோக்கியை உயர்த்திக் கட்டியிருந்தார். ஆட்களில் பாதிப் பேரைத்தான் திரும்ப எடுத்தார். பிரித்திகா சந்தில் கடைசியாக ஒருமுறை அளந்தாள். முன்பைவிட நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் காற்று பக்கத்துத் தெருப்பக்கமிருந்து வீசும் நாளில் கோடு ஏறத்தான் செய்தது. அவள் அறையைக் காலி செய்து, மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு ஏர்பேடு போய்விட்டாள்.

அண்ணாதுரை திருப்பதிக்கு வந்தார். அலிபிரியில், மலை ஏறுகிறவர்களின் வண்டிகளை நிறுத்தும் ஒரு ஸ்டாண்டில் வேலை கிடைத்தது. காலையிலிருந்து வண்டிகளுக்கு நடுவே நின்று சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். சும்மா நிற்கும் வேலை என்று நம்பித்தான் சேர்ந்தார். வெயில் காலம் வருவதற்குள், ஒரு ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினாலே உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியதாயிற்று.

பிரித்திகா விடவில்லை. ஒரு நாள் அவளே வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ஒரு குழாயில் முடிந்தமட்டும் ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை ஊதினார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, சாதாரணமாக இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது, இனிமேல் திரும்பி வராது, மேலும் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணாதுரை அதைக் கேட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று வெளியே வந்து பிரித்திகாவிடம் சொன்னார். அவள், அப்படிப் பேசாதீர்கள் என்று கோபப்பட்டாள்.

அன்று மாலை அவர் சலீமுக்குப் போன் செய்தார். ஒரு வருடத்துக்கு மேலாக இருவரும் பேசவில்லை.

"சலீம், தொட்டி வேல பாத்தவங்க எல்லாரும் ஒரு வாட்டி ஊதிப் பாக்கணும்டா. துட்டு கெடையாது. பிரித்திகா எழுதித் தரும். நீ வா."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நெஞ்சு நோய்ப் பகுதியின் பெஞ்சில் சலீம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சபீனா, ஆதார் கார்டைக் கையில் பிடித்தபடி. அண்ணாதுரையைப் பார்த்ததும் சபீனா நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். சலீம் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மெலிந்துபோயிருந்தான், நகக்கண்ணில் பாலிஷ் கறை.

"எப்ப வந்தே?"

"காலையில."

"துன்னியா எதாவது?"

"ஊதறதுக்கு முன்ன வயிறு முட்டத் துன்னக் கூடாதுன்னு பிரித்திகா குடுத்த சீட்டுல எழுதியிருக்குது."

வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி போனது. பிறகு சலீம், திரும்பாமலே சொன்னான்:

"பக்கத்துத் தெருவுல இன்னும் எரிச்சிக்கினுதான் கீறாங்க. கங்கையாதான் மூட்டறாரு. அவருக்கும் இருமல்."

"அவர இட்டுக்கினு வந்திருக்கலாமே."

"கூப்ட்டேன். வேல போயிடும்னு வரமாட்டேன்ட்டாரு."

உள்ளேயிருந்து நர்ஸ் சலீமின் பெயரைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்தியபின், அவன் ஊதும் சத்தமும், நடுவில் அறுந்துபோகும் இருமலும், "இன்கா, இன்கா" என்று இன்னும் ஊதச் சொல்லி நர்ஸ் உற்சாகப்படுத்துவதும் வெளியே கேட்டன. சபீனா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணாதுரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.